முதிர மறுத்த வெள்ளணுக்கள்: கடலூரில் டெங்கு என ஐயுறப்பட்ட ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பண்ருட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றில் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குச் சென்றுவந்த 26 வயதுப் பெண்ணுக்கு வந்த நோய், அது கண்டறியப்பட்ட விதம், அளிக்கப்பட்ட சிகிச்சை, அதன் விளைவு ஆகியவற்றை இந்தக் குறிப்பு வரிசையாகப் பதிவு செய்கிறது. அவரையோ குடும்பத்தினரையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும், கடலூரிலும் புதுச்சேரியிலும் அவரைக் கவனித்த மருத்துவமனைகளின் பெயர்களும் விலக்கப்பட்டுள்ளன. அவருக்கு வந்தது தீவிர புரோமைலோசைட் ரத்தப் புற்றுநோய். மரபணுக்களின் வெளிப்பாட்டில் நேரும் கோளாறு, நோயின் தொடக்கம் முதல் குணமாகும் வரை ஒவ்வொரு படியிலும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் ரத்தப் புற்றுநோய் வேறொன்றைச் சொல்வது கடினம். படுக்கையருகே எடுக்கப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் அந்தக் கோளாற்றின் இயல்பிலிருந்தே பிறந்தவை என்பதால், அதை விளக்கும் பகுதி இங்குச் சற்று நீண்டே இருக்கும்.

அவர் கடலூருக்கு அழைத்துவரப்பட்டது கார்த்திகை மாத மழையில். ஐப்பசி, கார்த்திகையில் இம்மாவட்டத்தில் காய்ச்சலோடு வருபவருக்குத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். அந்த எண்ணத்தில் தவறில்லை, பெரும்பாலான நேரம் அது டெங்குவாகவே இருக்கும். இரண்டு வாரமாக அசதி, ஒரு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், பத்து நாளாகியும் நிற்காத மாதவிலக்கு, முன்கையிலும் தொடையிலும் கருநீலத் திட்டுகள் ஆகியவை அவருடைய தொல்லைகள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. இதற்கு முன் பெரிய நோய் எதுவும் இருந்ததில்லை.

திட்டுகளை வீட்டில் யாரும் பொருட்படுத்தாததற்குக் காரணம் இருந்தது. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துக் கருமையாக்கும். கொட்டை உடைப்பவர்களின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்து, தோல் உரிந்தே காணப்படும். உடன் வந்த தாய் சொன்னார்: "முந்திரி எண்ணெய் பட்ட கறைதான்னு நெனச்சோம், டாக்டர். தொடையில எப்படிக் கறை வரும்னு தோணாமப் போச்சு." அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. எண்ணெய் பட்ட இடம் சொரசொரப்பாகவும் விளிம்பு உதிர்ந்தும் இருந்தது. திட்டுகள் இருந்த இடத்தில் தோலின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருந்தது, நிறம் தோலுக்கு அடியில் இருந்தது, விரலால் அழுத்தினாலும் மங்கவில்லை.

கடலூரில் கண்டது

முதல் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 கிராம், வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 1,900, தட்டணுக்கள் 18,000 என்று வந்தன. டெங்குவிலும் வெள்ளணுவும் தட்டணுவும் குறையும். ஆனால் டெங்கு கடுமையாகும்போது ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவதால் ரத்தம் கெட்டிப்பட்டு, சிவப்பணுக்களின் கன அளவு வழக்கத்தைவிட உயரும். இவருக்கு அது 22 சதவீதமாக இருந்தது. மாதவிலக்கில் இழந்த ரத்தத்தைக் கணக்கில் கொண்டாலும் இந்தத் தாழ்வு முழுமையாகப் பொருந்தவில்லை. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனையும் டெங்கு எதிர்ப்பொருள் பரிசோதனையும் இல்லை என்றே வந்தன. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.9 ஆக நீண்டிருந்தது.

திருப்பம் ஆய்வக நுட்பரிடமிருந்து வந்தது. அணுக்களை எண்ணும் இயந்திரம் வெள்ளணுக்களை வகைபிரிக்க இயலவில்லை என்று எச்சரிக்கைக் குறி காட்டியிருந்தது. டெங்கு காலத்தில் ஒரு நாளைக்கு வந்து குவியும் மாதிரிகளுக்கு நடுவே அந்தக் குறியைக் கடந்துபோவது மிக எளிது. அவர் கடந்துபோகவில்லை, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துவிட்டு நோயியல் மருத்துவரை அழைத்தார்: "மேடம், இதை ஒரு தடவை பாத்துடுங்க. எனக்கு இது சாதாரணமா தெரியல."

வெள்ளணுக்களே குறைவாக இருந்ததால் தகட்டின் ஓரங்களில்தான் தேட வேண்டியிருந்தது. கண்ணில் பட்டவற்றில் பெரும்பாலானவை பெரிய, முதிராத அணுக்கள். உட்கரு நடுவில் இடுங்கி, இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்ததுபோல் இருந்தது. சைட்டோபிளாசம் முழுவதும் ஊதாச் சிவப்புத் துகள்கள் நெருங்கி, சில அணுக்களில் உட்கருவின் விளிம்பையே மறைத்திருந்தன. ஓர் அணுவில் மெல்லிய செந்நிறக் குச்சிகள் பல, சுள்ளிக் கட்டைப் போல ஒன்றோடொன்று அடுக்கிக் கிடந்தன. ஆவர் குச்சிகள் எனப்படும் இவை இப்படிக் கட்டாகத் தெரிந்தால், அதன் பொருள் ஏறக்குறைய ஒன்றே: தீவிர புரோமைலோசைட் ரத்தப் புற்றுநோய்.

இந்தப் புற்றுநோயில் நோயாளிகளை முதல் நாட்களில் கொல்வது பெரும்பாலும் ரத்தக் கசிவு, குறிப்பாக மூளைக்குள் நேரும் கசிவு. ஆகவே கடலூரில் எடுக்கப்பட்ட முடிவுகள் சுருக்கமாகவும் விரைவாகவும் இருந்தன. தசையில் ஊசி எதுவும் போடக் கூடாது; கழுத்துச் சிரை வழியாகக் குழாய் செருகக் கூடாது; எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையை இங்கே செய்து நேரத்தைக் கழிக்கக் கூடாது; கையிருப்பில் உள்ள தட்டணுக்களையும் பிளாஸ்மாவையும் ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும்; சாயமேற்றிய தகடுகளை நோயாளியோடு அனுப்ப வேண்டும். புதுச்சேரியில் ரத்தவியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அங்கிருந்து கேட்கப்பட்ட முதல் கேள்வி, இந்நோய்க்கான மருந்தான அனைத்து-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் கடலூரில் கிடைக்குமா என்பதுதான். மருத்துவர்கள் இதைச் சுருக்கி ஏட்ரா என்பார்கள். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் உள்ள மருந்துக் கடைகளில் விசாரித்தும் கிடைக்கவில்லை. மழையில் ரெட்டிச்சாவடி வழியாகப் புதுச்சேரி போய்ச் சேரும்போது இரவாகிவிட்டது.

உயிரணுவுக்குள் நடந்தது

மனித உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அதில் புரதங்களுக்குக் குறியீடு தருபவை மட்டும் சுமார் 20,000. ஈரல் அணு ஈரல் அணுவாகவும் வெள்ளணு வெள்ளணுவாகவும் இருப்பதற்குக் காரணம், அவற்றுள் எந்த மரபணு எப்போது எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதே. இந்தக் கட்டுப்பாடு பல நிலைகளில் நடக்கிறது. டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டோன்களில் அசெட்டைல் தொகுதிகள் சேர்ந்தால் அந்தச் சுற்று தளர்ந்து மரபணுவைப் படியெடுக்க வழி கிடைக்கிறது, அவை அகற்றப்பட்டால் இறுகி மரபணு அடங்கிவிடுகிறது. எந்த மரபணுவின் அருகே எந்த மாற்றம் நிகழ வேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்பவை டிஎன்ஏ-யின் குறிப்பிட்ட இடங்களில் வந்து அமரும் புரதங்கள்.

வெள்ளணுக்களின் முதிர்ச்சியில் இத்தகைய புரதம் ஒன்றுக்கு முக்கியப் பங்குண்டு. அது ரெட்டினாயிக் அமில ஏற்பி ஆல்ஃபா. வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம் இந்த ஏற்பியோடு சேராதபோது, அது மற்றோர் ஏற்பியுடன் இணையாக டிஎன்ஏ-யில் அமர்ந்து, இணை ஒடுக்கிகள் எனப்படும் புரதங்களை வரவழைக்கிறது. அவற்றோடு வரும் நொதிகள் ஹிஸ்டோன்களின் அசெட்டைலை அகற்றுகின்றன. ரெட்டினாயிக் அமிலம் வந்து சேர்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, ஒடுக்கிகள் விலகுகின்றன, தூண்டிகள் வந்து அசெட்டைலைச் சேர்க்கின்றன, முதிர்ச்சிக்கு உரிய மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. ஒரு மனிதனின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது என்றால், இந்த ஒழுங்கு எவ்வளவு துல்லியமாக நடக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம்.

இந்நோயில் மஜ்ஜையின் ஓர் அணுவில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 17-இல் உள்ள அந்த ஏற்பியின் மரபணு, 15-இல் உள்ள பிஎம்எல் என்ற மரபணுவோடு இணைகிறது. இந்த இடமாற்றத்தை 1977-இல் அடையாளம் காட்டியவர் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி. இணைந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதத்தை மருத்துவர்கள் பிஎம்எல்-ராரா என்கிறார்கள். டிஎன்ஏ-யில் அமரும் பகுதியும் ரெட்டினாயிக் அமிலத்தைப் பற்றும் பகுதியும் இதில் அப்படியே இருக்கின்றன. மாறியிருப்பது ஒடுக்கிகளைப் பிடித்துவைக்கும் வலிமை. தன்னைப் போன்ற மூலக்கூறுகளோடு தானே கூடிக்கொள்ளும் இந்தப் புரதம் ஒடுக்கிகளை மிக இறுக்கமாகப் பற்றுகிறது. உடலில் இயல்பாக உள்ள அளவு ரெட்டினாயிக் அமிலம் அவற்றை விடுவிக்கப் போதாது. முதிர்ச்சிக்கான மரபணுக்கள் சிதையவில்லை, தொலையவில்லை. அவை படியெடுக்கப்படாமல் கிடக்கின்றன. அணு புரோமைலோசைட் என்ற இடைநிலையிலேயே நின்று, அந்த நிலையிலேயே பெருகுகிறது.

ரத்தக் கசிவும் இதே கோளாற்றின் மறுபக்கம். சில மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும்போது, வேறு சில அளவுக்கு மீறி வெளிப்படுகின்றன. இந்த முதிராத அணுக்கள் ரத்தத்தை உறையத் தூண்டும் திசுக் காரணி என்ற புரதத்தையும், உறைந்ததைக் கரைக்கும் செயலை முடுக்கும் அனெக்சின் 2 என்ற புரதத்தையும் மிகுதியாக உற்பத்தி செய்கின்றன. உடலெங்கும் உறைவும் கரைவும் ஒரே நேரத்தில் நடந்து, உறைவுக்கு வேண்டிய பொருள்கள் தீர்ந்துபோகின்றன. இந்நோயை 1957-இல் தனி நோயாக விவரித்த நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட், சில வாரங்களில் உயிரைப் பறிக்கும் கொடிய நோய் என்றே அதைப் பதிவு செய்தார்.

ஒடுக்கிகளைப் பற்றியிருக்கும் பிடி எவ்வளவு இறுக்கமானாலும், ரெட்டினாயிக் அமிலத்தை இயல்பான அளவைப் போலப் பல நூறு மடங்கு கொடுத்தால் அது தளர்ந்துவிடுகிறது. இந்த விளக்கம் மருந்துக்குப் பிறகு வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஷாங்காயில் வாங் சென்-யீ தலைமையிலான குழு 1980-களின் நடுப்பகுதியில் ஏட்ராவைக் கொடுக்கத் தொடங்கி, 24 நோயாளிகளில் கண்ட பலனை 1988-இல் வெளியிட்டது. 17ஆம் குரோமோசோமில் முறிந்திருப்பது ரெட்டினாயிக் அமில ஏற்பியின் மரபணுவே என்பது தெரியவந்தது அதன் பிறகு, 1990-ஐ ஒட்டி. அணுவைக் கொல்லாமல் முதிரச் செய்தே புற்றுநோயைத் தணிக்கலாம் என்பதை நோயாளிகளின் உடல் முதலில் காட்டியது, ஆய்வுக்கூடம் பின்னர் காரணம் சொன்னது.

உறுதிப்படும் முன்பே தொடங்கிய மருந்து

புதுச்சேரியில் கடலூர்த் தகடுகள் மறுபடியும் பார்க்கப்பட்டன, கருத்து மாறவில்லை. ரத்தம் உறைய வேண்டிய ஃபைப்ரினோஜன் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 78 மில்லிகிராம் இருந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவு. குரோமோசோம் இடமாற்றத்தை நேரடியாகக் காட்டும் ஃபிஷ் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பப்பட்டது, ஆனால் அதன் முடிவு மறுநாள் மாலைக்கு முன்பு வர வாய்ப்பில்லை.

அன்றிரவே ஏட்ரா தொடங்குவது என்று முடிவானது. பயிற்சி மருத்துவர் ஒருவர் எழுப்பிய ஐயம் பதிவு செய்யத் தக்கது. அந்த ஏற்பியின் மரபணு, பிஎம்எல்-க்குப் பதில் 11ஆம் குரோமோசோமில் உள்ள பிஎல்இசட்எஃப் மரபணுவோடு இணையும் அரிய வகை ஒன்று உண்டு. அதில் பிஎல்இசட்எஃப் பகுதியே ஒடுக்கிகளைத் தனியாகப் பற்றிக்கொள்வதால், ரெட்டினாயிக் அமிலம் எவ்வளவு கொடுத்தாலும் பயன் தராது. இவருக்கு இருப்பது அதுவாக இருந்தால் என்ன செய்வது? பதில் எளிமையானது: அப்படியே இருந்தாலும் ஒரு நாள் மருந்தால் பெரிய கேடு வராது, வழக்கமான வகையாக இருந்து ஒரு நாள் தாமதித்தால் மூளையில் ரத்தம் கசியலாம். இரண்டு இழப்புகளும் ஒரே எடை உடையவை அல்ல. கருவில் உள்ள சிசுவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கும் மருந்து என்பதால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து, இல்லை என்று உறுதி செய்யப்பட்டது. உடற்பரப்பு 1.39 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம், அதாவது 10 மில்லிகிராம் குளிகைகள் காலையில் மூன்று, இரவில் மூன்று, உணவோடு தரப்பட்டன.

இதனோடு தட்டணுக்களை 30,000-க்கும் 50,000-க்கும் இடைப்பட்ட அளவுக்குக் கீழே விடாமலும், ஃபைப்ரினோஜனை 150-க்குக் கீழே விடாமலும் வைத்திருக்கத் தட்டணுக்களும், பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோவும் மீண்டும் மீண்டும் ஏற்றப்பட்டன. இதற்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் முந்திரிக் கொட்டகையில் அவரோடு வேலை செய்தவர்களின் வீட்டு ஆண்கள்.

மறுநாள் மாலை ஃபிஷ் முடிவு வந்தது: 15, 17 குரோமோசோம்களின் இடமாற்றம் உறுதியாயிற்று. வெள்ளணுக்கள் 10,000-க்கு மிகாததால் அவர் உயர் ஆபத்துப் பிரிவில் இல்லை. உயர் ஆபத்து இல்லாத இத்தகையவர்களுக்கு ஏட்ராவையும் கீமோதெரபியையும் சேர்த்துத் தருவதா, ஏட்ராவையும் ஆர்சனிக் ட்ரைஆக்சைடையும் சேர்த்துத் தருவதா என்ற கேள்விக்கு 2013-இல் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு விடை தந்திருந்தது: இரண்டு ஆண்டுகளில் நோய் மீளாமலும் வேறு பின்னடைவின்றியும் இருந்தவர்கள் ஆர்சனிக் பிரிவில் 97 சதவீதம், கீமோதெரபி பிரிவில் 86 சதவீதம். நமக்கு அருகிலேயே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 1998 முதல் ஆர்சனிக்கை மட்டுமே கொண்டு சிகிச்சை அளித்த அனுபவம் உண்டு. 72 பேரைப் பற்றிய அதன் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. விலை உயர்ந்த கீமோதெரபியையும் அதனால் வரும் தொற்றுகளையும் தாங்க இயலாத நோயாளிகளுக்கு அது பெரிய கதவைத் திறந்தது என்பதே இதை எழுதுபவரின் கருத்து.

ஆர்சனிக் வேலை செய்யும் இடம் வேறு. அது இணைப்புப் புரதத்தின் பிஎம்எல் பகுதியில் ஒட்டி, அந்தப் புரதத்தையே சிதைவுக்கு உட்படுத்துகிறது. ஒன்று ஒடுக்கிகளை விலக்குகிறது, மற்றது ஒடுக்கிகளைப் பிடித்துவைத்திருக்கும் புரதத்தையே அழிக்கிறது; இரண்டும் சேரும்போது பலன் கூடுவதில் வியப்பில்லை. நாள்தோறும் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் கணக்கில் 7 மில்லிகிராம், இரண்டு மணி நேரத்தில் சிரைவழி ஏற்றுவது என்று தீர்மானிக்கப்பட்டது.

குடும்பத்தை இணங்கச் செய்வது எளிதாக இல்லை. மருந்தின் பெயரைக் கேட்ட மாமனார், "எலிப் பாஷாணத்தையா மருந்துன்னு ஏத்துறீங்க?" என்று நேரடியாகக் கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி, பொருளும் அதுவேதான். அளவு, சுத்தம், இதயத்தின் மின் பதிவைத் தொடர்ந்து கண்காணிப்பது ஆகியவைதான் நஞ்சையும் மருந்தையும் பிரிக்கின்றன என்று விளக்கப்பட்டது. ஆர்சனிக் இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டும் என்பதால், பொட்டாசியம் 4-க்கும் மக்னீசியம் 1.8-க்கும் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளப்படும் என்றும், வாரம் இருமுறை இசிஜி எடுக்கப்படும் என்றும் சொல்லப்பட்ட பிறகு அவர் சம்மதித்தார். உறவினர் ஒருவர், வைட்டமின் ஏ மாத்திரைகளை வாங்கிக் கொடுத்தால் போதாதா என்றும் கேட்டார். போதாது, கடையில் கிடைக்கும் வைட்டமின் ஏ வேறு பொருள், அதை அளவுக்கு மீறித் தின்றால் ஈரல்தான் கெடும்.

ஒன்பதாம் நாள்

முதல் வாரத்தில் ஈறுக் கசிவு நின்றது, புதிய திட்டுகள் தோன்றவில்லை, ஃபைப்ரினோஜன் ஏற்றாமலேயே நிலைக்கத் தொடங்கியது. உறைவைக் குலைத்த புரதங்களின் மிகைவெளிப்பாடு அடங்கியதன் அடையாளம் இது.

ஒன்பதாம் நாள் காலை அவருக்குக் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தன. ரத்தத்தில் ஆக்சிஜன் 89 சதவீதம். மூன்று நாளில் எடை மூன்று கிலோ கூடியிருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் வெண்படலங்கள். வெள்ளணுக்கள் 1,900-லிருந்து 14,600-க்கு உயர்ந்திருந்தன. தொற்று என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துக் காத்திருப்பது இத்தகைய வேளையில் இயல்பாக வரும் முடிவு. ஆனால் இந்தச் சிகிச்சையில் வேறொரு காரணத்தை முதலில் நினைக்க வேண்டும். அடங்கிக் கிடந்த மரபணுக்கள் ஒரே நேரத்தில் வெளிப்படத் தொடங்கும்போது, பெருந்தொகையான அணுக்கள் ஒரே சமயத்தில் முதிர்ந்து, அழற்சிப் பொருள்களை வெளியிட்டு, நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குள் நுழைகின்றன. வேறுபாட்டு நோய்க்குறித் தொகுதி என்று இதைச் சொல்வார்கள். மருந்து தோற்றதால் வருவது அன்று, வேலை செய்வதால் வருவது. இதைத் தடுக்கவே தொடக்கம் முதல் குறைந்த அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தரப்பட்டிருந்தது, ஆயினும் வந்துவிட்டது.

அந்த மணி நேரத்திலேயே அதே வகை மருந்தான டெக்சாமெத்தசோன் 10 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சிரைவழி தொடங்கப்பட்டது. வெள்ளணுக்களைக் கட்டுப்படுத்த ஹைட்ராக்சியூரியா சேர்க்கப்பட்டது; தொற்றை முற்றிலும் மறுக்க இயலாததால் ஆன்டிபயாட்டிக்கும் தரப்பட்டது. ஏட்ராவையும் ஆர்சனிக்கையும் நிறுத்துவதா என்பதே கடினமான முடிவு. சிறுநீரகம் இயங்கிக்கொண்டிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கவில்லை, மூச்சுக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. ஆகவே நிறுத்த வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. இணைப்புப் புரதம் இன்னும் மிச்சமிருக்கும்போது மருந்தை விலக்கினால் ஒடுக்கம் திரும்பிவிடும் என்பதே காரணம். இரவு ஒரு நொடியும் அகலாமல் இருந்த செவிலியரிடம் நோயாளி கேட்டது, "அக்கா, குணமாயிட்டு வருதுன்னீங்க, இப்ப ஏன் இப்படி?" என்பதுதான். ஒன்றரை நாளில் மூச்சு சீரடையத் தொடங்கியது. மூன்றாம் நாள் ஆக்சிஜன் குழாய் அகற்றப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் எடுத்த ரத்தத் தகட்டில் ஒரு காட்சி கிடைத்தது. துகள் நிறைந்த பழைய அணுக்கள் அருகியிருந்தன. அவற்றுக்கும் நியூட்ரோஃபிலுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் நிறைந்திருந்தன. ஓர் அணுவின் உட்கரு முழுமையாக முதிர்ந்து மூன்று மடல்களாகப் பிரிந்திருந்தது, சைட்டோபிளாசமும் வெளிர்ந்திருந்தது. ஆனால் அதற்குள் ஒற்றை ஆவர் குச்சி ஒன்று செந்நிறமாகக் கிடந்தது. ஆவர் குச்சி இயல்பான நியூட்ரோஃபிலில் இருக்காது. புற்றணுவே முதிர்ந்து நியூட்ரோஃபிலாகியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று சாதாரண நுண்ணோக்கியில் கிடைக்காது.

பின்பு நடந்தது

எலும்பு மஜ்ஜையை அவசரப்பட்டுச் சோதிக்கவில்லை. இந்தச் சிகிச்சையில் முதிர்ச்சி படிப்படியாகவே நிகழ்வதால், சீக்கிரம் எடுத்த மஜ்ஜையில் முதிராத அணுக்கள் தெரிந்து, மருந்து பலிக்கவில்லை என்ற பொய்த் தோற்றம் ஏற்படும். ரத்த அணுக்கள் தாமாகவே இயல்புக்கு வந்த பிறகு, ஐந்து வாரம் கடந்து, மஜ்ஜை சோதிக்கப்பட்டு நோய் தணிந்தது உறுதியாயிற்று. அந்தக் கட்டத்தில் இணைப்பு மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்யவில்லை. இணைப்பு மரபணுவின் படிகள் அப்போது சிறிதளவு இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே, அதனால் சிகிச்சை மாறப்போவதில்லை.

நிலைநிறுத்தும் சிகிச்சை ஏழு மாதம் நீண்டது. ஆர்சனிக் நான்கு வாரம், வாரத்திற்கு ஐந்து நாள், பிறகு நான்கு வாரம் இடைவெளி. ஏட்ரா இரண்டு வாரம் உண்டு, இரண்டு வாரம் இல்லை. பண்ருட்டியிலிருந்து நாள்தோறும் வந்துபோக இயலாது என்பதால், ஊசி போடும் மாதங்களில் அரியாங்குப்பத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினார். குழந்தை பாட்டியிடம் இருந்தது. முடிவில் செய்த ஆர்டி-பிசிஆரில் இணைப்பு மரபணு தென்படவில்லை. அதன் பிறகும் குறிப்பிட்ட இடைவெளிகளில் சோதனை தொடர்கிறது. இதுவரை நோய் மீளவில்லை.

குடும்பம் கேட்ட கேள்விகளில் மிகத் தாமதமாக வந்தது, ஆனால் அவர்களை அதிகம் வாட்டியது, குழந்தைக்கும் இது வருமா என்பது. வராது. குரோமோசோம் முறிவு பிறவியில் வந்ததல்ல. அவருடைய மஜ்ஜையில் ஓர் அணுவில் பிற்காலத்தில் நேர்ந்தது, சினைமுட்டையில் அது இல்லை. இதை யாரும் கேட்காமலே முதல் வாரத்தில் சொல்லியிருக்கலாம். மாமியார் வீட்டில் அந்தப் பெண்மீது எழுந்த சில பேச்சுகள் தவிர்ந்திருக்கும். மருந்துக் காலத்திலும் அதற்குப் பின் சில மாதங்களும் கருத்தரிக்கக் கூடாது என்பது கணவர், மனைவி இருவருக்கும் ஒன்றாக வைத்து விளக்கப்பட்டது. அவர் இப்போது கொட்டை உடைக்கும் இடத்தில் இல்லை. பருப்பைத் தரம் பிரிக்கும் பகுதியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்.

மாற வேண்டியவை

டெங்கு காலத்தில் தட்டணு குறைந்த ஒவ்வொருவருக்கும் ரத்தத் தகடு பார்ப்பது நடைமுறையில் இயலாது. ஆனால் தட்டணுக் குறைவோடு ஹீமோகுளோபினும் தாழ்ந்திருந்தாலோ, ஐஎன்ஆர் நீண்டிருந்தாலோ, இயந்திரம் வெள்ளணுக்களை வகைபிரிக்க மறுத்தாலோ, அந்த மாதிரியின் தகட்டை ஒரு மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதியை அந்தக் கடலூர் ஆய்வகம் இப்போது எழுதி ஒட்டியிருக்கிறது. நுட்பருக்கு நேரடியாக மருத்துவரை அழைக்கும் உரிமை உண்டு என்பதும் அதே தாளில் இருக்கிறது. இந்த நிகழ்வில் உண்மையில் உயிரைக் காத்தது அந்த அழைப்புதான் என்பது என் கருத்து.

கடலூரில் ஃபைப்ரினோஜன் அளவு இரவில் கிடைக்காதது அடுத்த குறை. அது தெரியாமலேயே பிளாஸ்மா ஏற்றப்பட்டது. ஏற்றியது சரி, எவ்வளவு என்பது ஊகம். இதற்கு மாற்று ஏற்பாடு இன்னும் அமையவில்லை.

மூன்றாவது, ஏட்ரா. எப்போதாவது ஒருவருக்கு மட்டுமே தேவைப்படும் மருந்தை மாவட்டத் தலைநகரில் வைத்திருப்பது வீண் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காலாவதியானால் தூக்கி எறிய வேண்டும். அதே வேளை, முதல் வேளைக் குளிகையைக் கடலூரிலேயே கொடுத்திருந்தால் பயணமும் சேர்க்கையும் விழுங்கிய நேரம் மிஞ்சியிருக்கும். இதற்காகக் கடலூர், புதுச்சேரி மருத்துவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: மூன்று நாளைக்குத் தேவையான குளிகைகள் கொண்ட பெட்டி ஒன்று கடலூரில் வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கும், தகட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, புதுச்சேரி ரத்தவியல் மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்டால் அதைத் திறக்கலாம், காலாவதிக்குச் சில மாதம் முன்பே அந்தப் பெட்டி புதுச்சேரிக்குத் திரும்பி, அங்கு நடப்பில் உள்ள நோயாளிகளுக்குப் பயன்பட்டு, அதன் இடத்தில் புதியது வந்துவிடும்.